கட்டில் காலும் கருத்துச் சுற்றும்

மனித குலம் இதுவரை கண்ட அமைப்புகளிலேயே தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம்: மூடிப்போன அச்சகத்தின் பின்கட்டில் வாராவாரம் கூடும் மரக்கடைசல் மன்றம்தான். அரசாங்கங்கள் தவறு செய்கின்றன. நீதிமன்றங்கள் தவறு செய்கின்றன. மன்றம் மட்டும் தவறே செய்ததில்லை. எதையாவது செய்து முடித்து வெளியே அனுப்பினால்தானே அதில் தவறு தெரியும்!

அப்பேர்ப்பட்ட மன்றத்தின் படியை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு நாள் மிதித்தார். கையில், பிளந்துபோன கட்டில் கால் ஒன்று. கலைத்தாகம் ஏதும் அவருக்குக் கிடையாது. மாமியாருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது, தாழ்வான கட்டிலிலும் முடியாது. வீட்டிலிருந்த உயரமான பழைய கட்டில்தான் சரி என்று டாக்டரே சொல்லியிருந்தார். அந்தக் கட்டிலுக்குத்தான் ஒரு கால் போய்விட்டது. தச்சரைக் கேட்டால், "கடைசல் வேலை நான் பண்றதில்லைங்க, புதுசா வாங்கிக்குங்க" என்று கையை விரித்துவிட்டார். இப்போதைக்கு அந்த மூலையை ஒரு பெயின்ட் டப்பா தாங்கிக்கொண்டிருந்தது. மாமியார் புரண்டு படுத்தால் டப்பாவும் கொஞ்சம் நகர்ந்து படுத்தது.

"ஒரே ஒரு கால்தான். அடுத்த தெருவுல அதுக்குன்னு மன்றமே வச்சிருக்காங்களாம், போய் செஞ்சு வாங்கிட்டு வாங்க" என்று மனைவி அனுப்பியிருந்தாள். "போனமா வந்தமான்னு இருக்கணும். உக்காந்து பேச ஆரம்பிச்சிடாதீங்க."

உள்ளே போனவர் அசந்துபோய் நின்றார். நடுக்கூடத்தில், மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் கடைசல் எந்திரம், கல்யாணப் பெண் போல வெள்ளைத்துணி போர்த்தி வீற்றிருந்தது. சுற்றிலும் தோல் மேலங்கி மாட்டிய பெரிய மனிதர்கள். தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி. செயலாளர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். மன்றத்தின் 'முதன்மைக் கடைசலாளர்', பல் டாக்டர். அலமாரி முழுக்க மரக் கிண்ணங்கள். சில கிண்ணங்கள் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. சிலவற்றில் அடியே இல்லை.

"இதுல என்ன போட்டு வைப்பாங்க?" என்று கடைக்காரர் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டார்.

செயலாளர் அவர் காதோரம் குனிந்து, "இங்க அந்த மாதிரி பேசக்கூடாதுங்க" என்றார்.

கட்டில் கால் விவகாரம் சபைக்கு வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. தலைவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்: "அதாவது, நாம் செய்யப்போகும் பொருளை ஒருவர் 'பயன்படுத்துவார்'. அப்படித்தானே?"

"ஆமாங்க. மாமியார்."

"மன்றத்தில் அதற்கு முன்னுதாரணம் இல்லை."

காரசாரமான விவாதம் நடந்தது. 'பயன் தற்செயலானது, அழகே நோக்கம்' என்ற நிபந்தனையோடு காலுக்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்து 'மரத்தோடு மௌனம்'. எல்லாரும் மரக்கட்டை மீது உள்ளங்கையை வைத்து, நீ என்னவாக விரும்புகிறாய் என்று மனசுக்குள் கேட்க வேண்டும். இதுவரை வந்த கட்டைகளெல்லாம் ஒருமனதாகக் கிண்ணமாகவே விரும்பியிருந்தன. இந்த முறை தலைவர் வெகுநேரம் கழித்துக் கண் திறந்து, "கட்டில் காலாக ஆவதில் ஆட்சேபணை இல்லை என்கிறது" என்றார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், பல் டாக்டர் கெட்டிக்காரர். எந்திரம் உறும, உளியை வைத்தார் பாருங்கள், சுருள் சுருளாக மரம் சீவிக்கொண்டு வந்து விழுந்தது. அந்தி சாய்வதற்குள் கால் தயார். தடிமன், வளைவு, நெளிவு எல்லாம் பழைய காலை அச்சில் வார்த்த மாதிரி. கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. அப்போதே அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்.

"இனி கருத்துச் சுற்று" என்றார் செயலாளர்.

மன்றத்தின் உயிர்நாடியே இந்தச் சுற்றுதான். முடிந்த பொருள் வட்டமாகக் கைமாறி வரும். ஒவ்வொருவரும் தடவிப் பார்த்து ஒரு குறை சொல்லியாக வேண்டும். 'நல்லா இருக்கு' என்று சொல்வது, சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். குறை கண்டவரே எழுந்து போய் எந்திரத்தில் பூட்டி அதைக் கடைந்து நீக்க வேண்டும். கடைசலில் கழிக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. ஆகவே மன்றத்தின் அறிவு வளர வளர, பொருள் இளைத்துக்கொண்டே போகும்.

தலைவருக்குக் காலின் கழுத்து கனமாகப்பட்டது. கழித்தார். செயலாளருக்கு இடுப்பு 'பேச்சுவார்த்தைக்கு ஒத்துவராத' தோரணையில் இருப்பதாகப்பட்டது. கழித்தார். இன்னொருவர் கணுக்காலில் ஆணவத்தைக் கண்டார். அதுவும் போனது. கடைசியாகக் கடைக்காரர் கைக்கு வந்தபோது, கால் காலாகத்தான் இருந்தது. ஆனால் தாங்குமா ஒடியுமா என்ற நூலிழையில் இருந்தது. நாள் முழுக்க கண்ணாடி பிரேம்களோடு புழங்குகிறவர். எந்த அளவுக்கு மெலிந்தால் எது ஒடியும் என்று விரல் சொல்லிவிடும். இத்தோடு நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். மாமனார் வீட்டில்கூட அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை. கடைக்கு வருகிறவர்கள் எழுத்து தெரிகிறதா இல்லையா என்பதைத்தான் சொல்வார்கள். இவர் என்ன நினைக்கிறார் என்று எவனும் கேட்க மாட்டான். இங்கே ஒரு நீதிபதி கேட்கிறார்: "தங்கள் கருத்து?"

"இந்த இடத்துல..." என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் தடிப்போ?"

"ஆஹா!" என்றார் பல் டாக்டர். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அன்றே அவருக்குத் தோல் மேலங்கி மாட்டப்பட்டது. உளியை அவரே பிடித்தார்.

அதற்கப்புறம் கால் வீட்டுக்கு வருவதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்று.

"கால் என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"வளர்ந்துக்கிட்டு இருக்கு."

"மரமாவா?"

கடைசியில் மன்றம் 'கள ஆய்வு'க்கு வீட்டுக்கே வந்தது. மேலங்கிகளோடு கட்டிலைச் சூழ்ந்து நின்றார்கள். அதன் மேல் படுத்திருந்த மாமியார், "நான் எந்திரிக்கணுமா, இல்ல இப்படியே இருக்கலாமா?" என்று கேட்டார். அவரை யாரும் கவனிக்கவில்லை. புதிய காலைத் துணியிலிருந்து எடுத்து, பழைய கால்களின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். புதியது ஒடிசலாக, ஒயிலாக, ஊதினால் பறப்பதுபோல் இருந்தது. பழையவை மூன்றும் அப்படியே திமிராக நின்றன.

"இந்த மூன்றும்தான் இப்போது குறை" என்று தலைவர் தீர்ப்பளித்தார். "ஒத்திசைவு இல்லை. இவற்றையும் மன்றத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், உதவிச் செயலாளரே."

பதவி அந்த வாக்கியத்தின் கடைசியில்தான் வந்தது. அது வந்தபிறகு முதல் பாதியை மறுக்க அவருக்கு வாய் வரவில்லை.

கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அவர் கால்களைக் கழற்றும்போது மனைவி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "அந்த மூணும் நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒத்துப்போகல."

"அம்மா எங்க படுப்பாங்க?"

"ரெண்டு வாரம் பொறுத்துக்கச் சொல்லு. இதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது."

கடையில் கண் பரிசோதிக்கும் சாய்வு நாற்காலி வீட்டுக்கு வந்தது. வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டு எழுத்துப் படித்தார்கள். மாமியார் உட்கார்ந்துகொண்டு தூங்கினார். இடுப்பு வலி தாங்காமல் அவர் முனகுவது கடைக்காரர் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. மனசு குறுகுறுத்தது. அந்தக் குறுகுறுப்பு அதிகமாகும்போதெல்லாம் அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு மன்றத்துக்குப் போய்விடுவார்.

ஆண்டு விழா வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், நான்கு கால்களும் வரிசையாக நின்றன. நான்கும் பேனா தடிமன்தான். பார்த்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். முதல் பரிசு. மன்ற வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பொருள் 'பூரணமாகக் குறை நீங்கியது' என்று அறிவிக்கப்பட்டது.

தலைவர் யாரையும் விட்டுக்கொடுக்காத மனிதர். "இந்த மகத்தான படைப்புக்குத் தூண்டுகோலான அம்மையாரும் வர வேண்டும்" என்று சொல்லி, மாமியாரை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைக்கச் செய்திருந்தார். மனைவி அம்மாவின் பக்கத்தில் நின்றாள். கடைக்காரர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அம்மையார் இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

மாமியார் கண்ணாடிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுமேல கட்டிலப் போட்டா தாங்குமா?"

"தாங்குவதா!" பல் டாக்டர் பதறிப்போனார். "மூச்சு பட்டாலே அபாயம்னு பெட்டிக்குள்ள வச்சிருக்கோம்மா!"

"இதுல உடைஞ்சதுக்குப் பதிலா செஞ்ச கால் எது?"

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். செயலாளர் பார்த்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடும் கடைக்காரரும் பார்த்தார். நான்கும் ஒன்றுபோலவே இருந்தன. "அடையாளமே தெரியவில்லை! இதுவல்லவோ சாதனை!" என்று தலைவர் உணர்ச்சிவசப்பட்டார். மண்டபம் அதிர்ந்தது. அந்த ஆரவாரத்திலேயே உதவிச் செயலாளரை மேடைக்கு அழைத்து, 'தியாகச் செம்மல்' பதக்கத்தை அவர் சட்டைப் பக்கம் கொண்டுபோனார்.

கைதட்டல் ஓயும்வரை மாமியார் காத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. கோபம்கூட இல்லை. இடுப்பு வலிக்கிறவர்களுக்குக் கோபப்படத் தெம்பு இருக்காது.

"ஒரு கால்தான் மாப்பிள்ளை உடைஞ்சிருந்தது. நல்லா இருந்த மூணையும் நீங்கதான் உங்க கையால கழட்டிக் குடுத்தீங்க. அதுக்கா இந்தப் பதக்கம்?"

கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"அதற்கேதான், அம்மா!" என்று தலைவர் மனம் நிறைந்து சொல்லி, பதக்கத்தின் ஊசியைக் குத்தினார்.