வன்னியில் கரடி விரட்டியவர்

திங்கட்கிழமைக்குள் மனைவி பத்மினியின் வாயாலேயே "வீட்டை விட்டிட்டுப் போவம்" என்று சொல்ல வைத்தே தீருவது. ஹோட்டல் குசினியில் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டு நின்றபோது தவச்செல்வன் எடுத்த சபதம் இது. எடுத்த வேகத்தில் பெருவிரல் நுனியையும் கொஞ்சம் துருவிவிட்டார்.

எல்லாத்துக்கும் காரணம் கரடி.

இத்தாலிப் பக்கத்து மலையிலிருந்து மண்ணிறக் கரடி ஒன்று எல்லை தாண்டிச் சுவிசின் எங்கடீன் பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டது. அதற்கு விசாவும் வேண்டாம், வதிவிட அனுமதியும் வேண்டாம். தவச்செல்வன் குடியிருந்த மேட்டுத் தெருவில் மொத்தம் பதினான்கு வீடுகள். பதினான்கு தபால் பெட்டியிலும் கெமைண்ட என்கிற ஊராட்சி அலுவலகம் ஒரு கடதாசி போட்டிருந்தது. குப்பை வாளியைப் பூட்டுங்கள். விழுந்த பழங்களைப் பொறுக்குங்கள். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். கரடியைக் கண்டால் ஓடாதீர்கள்.

அயலவர்கள் வாசித்துவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். தவச்செல்வன் தபால் பெட்டியடியிலேயே நின்று மூன்று தரம் வாசித்தார். 'ஓடாதீர்கள்' என்ற இடம் வரும்போதெல்லாம் கால் தானாகவே வீட்டுப் பக்கம் திரும்பியது.

அன்று தொடக்கம் மனுசன் மனுசனாயில்லை. குப்பை போடப் போனால் ஒரு கையில் பையும் சட்டி மூடியும், மற்றக் கையில் அகப்பை. டங் டங்கென்று அடித்துக்கொண்டுதான் போவார். தபால் பஸ்ஸால் இறங்கினால் வீட்டுக்கு ஏழு நிமிட நடை, இரண்டு பக்கமும் ஊசியிலை மரங்கள். அந்த ஏழு நிமிடமும் தேவாரம். சின்ன வயதில் பரீட்சைக்குப் பாடமாக்கியது, இத்தனை வருடத்துக்குப் பிறகு பிசகில்லாமல் வந்தது. பக்தி என்று அயல்வீட்டுச் சுவிஸ்காரி நினைத்தாள்.

பயமென்றால் பயமென்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். அதிலேதான் வில்லங்கம் இருந்தது. சுவிசுக்கு வந்த இருபத்தாறு வருடமாக, எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்திலும், எந்தச் சாமத்தியவீட்டிலும், இரண்டாவது கிளாசுக்குப் பிறகு தவச்செல்வன் ஒரு கதை சொல்லுவார். பத்தொன்பது வயதில், வன்னிக் காட்டில், பாலைப்பழக் காலத்தில் ஒரு கரடியை நேருக்கு நேர் பார்த்து, ஒரேயொரு கர்ஜனையில் விரட்டிய கதை. முதல் வருடங்களில் ஒரு கரடிதான் இருந்தது. பிறகு குட்டியும் சேர்ந்தது. போன வருடம் திரிம்பாக் கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த ரயிலில் மூன்றாகிவிட்டது.

துன் நகரில் இருக்கும் பத்மினியின் தமையன் பத்மநாதனுக்கு இந்தக் கதை மனப்பாடம். இப்போது அவருடைய கட்டிடத்திலேயே ஒரு வீடு காலியாகியிருந்தது. ஏரிக்கரை ஹோட்டலில் சமையல்காரரும் தேடுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் போனில் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

"உங்கை கரடி நிக்குதாமே மச்சான், அதுக்குப் பயந்தோ வாறியள்?"

கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் தவச்செல்வனைத் தின்றது. தான் பயந்து போவதாக இருக்கக்கூடாது. பத்மினி பயந்து, அழுது, கெஞ்சி, அதற்காக அவர் மனமிரங்கிப் போவதாக இருக்க வேண்டும்.

பத்மினியோ பயப்படுகிற வழியைக் காணோம். அவள் அந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். குசினிப் பொறுப்பை ஐந்து வருடத்துக்குத் தருகிறோம், திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வையுங்கள் என்று அவர்களும் கேட்டிருந்தார்கள்.

தவச்செல்வன் மெல்லத் தொடங்கினார்.

"பத்மினி, அங்காலைப் பள்ளத்தாக்கிலை மூண்டு ஆட்டை அடிச்சுப்போட்டுதாம்."

"பாவம்."

"ஆடுகளோ?"

"கரடியும்தான். பசி கிடந்திருக்கும்."

"உமக்குப் பயமில்லையோ?"

"நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன பயம்?"

இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கையில் பத்மினி அவரை இப்படிப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. சந்தோசப்படக்கூட முடியவில்லை.

"நான் வேலைக்குப் போனாப் பிறகு வந்தா?"

"வன்னிக் கரடியள் சொல்லி விட்டிருக்குமெல்லோ, இது உங்கடை வீடெண்டு."

பேச்சு எடுபடாது என்று விளங்கிவிட்டது. இனிச் செயல்தான்.

அது புரட்டாதிச் சனிக்கிழமை. தவச்செல்வனுக்கு ஏழரைச் சனி, ஆகவே வீட்டில் விரதம். எள்ளுச்சாதம் காகத்துக்கு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் சாப்பாடு. அந்த உயரத்தில் ஊர்க் காகம் வராது. மஞ்சள் சொண்டோடு ஒரு மலைக் காகம்தான் வரும். கறுப்பாய் இருந்தால் சனீஸ்வரன் ஒத்துக்கொள்வார் என்று அவரே தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தார். சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள் என்ற கெமைண்டக் கடதாசிக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அது மிச்சச் சாப்பாட்டுக்கு, இது படையல்.

திட்டம் சுத்தமானது. சாதத்தைப் பின்பக்கக் கல்மதிலில் வைப்பது. மதிலடிச் சேற்றில் கரடித் தடம் பதிப்பது. கோப்பையைக் கவிழ்த்துவிட்டு உள்ளே ஓடிப்போய், "பத்மினி, வந்து பாரும்" என்று கூப்பிடுவது. உள்ளங்காலுக்குத் தேங்காய்ச் சிரட்டை, விரலுக்குத் தன் விரல், நகத்துக்கு முள்ளுக்கரண்டி. சிரட்டையும் கரண்டியும் சாரத்து மடிப்புக்குள் இருந்தன.

மத்தியானம் முகில் தெருவரைக்கும் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிளம்ஸ் மரம்கூடத் தெரியவில்லை. தவச்செல்வன் கோப்பையை வைத்தார். "கா, கா" என்று கடமைக்குக் கூப்பிட்டார். பிறகு குந்தியிருந்து வேலையில் இறங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. தடங்கள் அழகாகவே வந்தன. ஆறாவதில் அவருக்கே கொஞ்சம் நெஞ்சு பதறியது.

ஏழாவதுக்குச் சிரட்டையை அழுத்தியபோது மதிலுக்கு மேலே சோறு சாப்பிடும் சத்தம் கேட்டது.

காகம் வந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் காகம் இப்படி மூச்சு விடாது. இது விட்டது. ஈர மயிர் மணக்கும் சூடான மூச்சு, அவருடைய மொட்டந்தலையில் பட்டது.

தலையை நிமிர்த்தினார். இரண்டு முழத் தூரத்தில் அது நின்றது. முன்கால் இரண்டும் மதிலில். மூக்கில் எள்ளு ஒட்டியிருந்தது. கண் சின்னது. அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, சிநேகிதமும் இல்லை, அதுதான் அவரை உருக்குலைத்தது. சிரட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்திய இடத்திலேயே இருந்தார். பத்மினியை இனிப் பார்க்கமாட்டேன் என்று உண்மையாகவே நினைத்தார். ஓடாதீர்கள் என்று கடதாசி சொன்னதை அவரைப்போல் கடைப்பிடித்த ஆள் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

கர்ஜிக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது "கா" என்ற ஒரு சின்னச் சத்தம்.

கரடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கோப்பையை நக்கித் துடைத்தது. மதிலைக் கடந்து இந்தப் பக்கம் இறங்கி, அவருடைய ஆறு தடத்துக்கும் பக்கத்தில் தன் தடத்தைப் பதித்துக்கொண்டு, முகிலுக்குள் போய்விட்டது.

தவச்செல்வன் எப்படி உள்ளே வந்தார் என்பது அவருக்கே தெரியாது. பத்மினி அடுப்படியில் நின்றாள்.

"காகம் எடுத்திட்டுதோ?"

"க... க..."

"கரடிதானே. யன்னலாலை பாத்தனான்."

"பாத்துக்கொண்டோ நிண்டனீர்?"

"பின்கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு, சட்டியும் கையுமா நிண்டனான். நீங்கள் விரட்டப் போறியளெண்டு பொறுத்தனான்."

இப்போதாவது பயந்திருப்பாள் என்று அவருடைய அடிமனதில் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது. "இனி இஞ்சை இருக்கேலாதெல்லோ, பத்மினி?"

அவள் போனை எடுத்து, அந்தப் பகுதிக் காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பான காவலருக்கு அடித்தாள்.

அரை மணித்தியாலத்தில் அந்திரி என்ற அந்தக் காவலர் வந்தார். நெடுவல் ஆள். கரடியின் தடத்தை அளந்தார், படம் எடுத்தார். பிறகு தவச்செல்வனின் தடங்களைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சேற்றிலிருந்து முள்ளுக்கரண்டியை எடுத்துத் துடைத்துப் பத்மினியிடம் கொடுத்தார். இருவரும் சுவிஸ் ஜெர்மனில் கதைத்தார்கள். தவச்செல்வனின் ஜெர்மன் குசினி ஜெர்மன். சோஸ் வகைகளைத் தாண்டிப் போகாது. இடையில் இரண்டு தரம் "வன்னி" என்ற சொல் மட்டும் கேட்டது. கடைசியில் அந்திரி அவருடைய கையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கிவிட்டு, ஒரு செம்மஞ்சள் மேலங்கியும் ஒரு மாட்டு மணியும் கொடுத்துவிட்டுப் போனார்.

"என்னவாம்?"

"சோறு வைச்சது பெரிய பிழையாம். மனிசற்றை சாப்பாட்டுக்குப் பழகின கரடியைக் கடைசியிலை சுட வேண்டி வருமாம். தண்டமும் எழுதலாமாம்."

"ஐயோ."

"நான் சொன்னனான், என்ரை மனுசன் கரடி விரட்டின ஆள், தண்டத்துக்குப் பதிலா அவரிட்டை வேலை வாங்குங்கோ எண்டு. ஆளுக்குச் சரியான சந்தோசம். விடிய ஆறு மணிக்கு நீங்கள் காட்டு விளிம்புக்குப் போய்த் தேன்கூட்டுப் பெட்டியளின்ரை மின்வேலியைப் பாக்க வேணும். வரேக்கை பதினாலு வீட்டுக் குப்பை வாளியும். பனி கொட்டுமட்டும்."

"தனியவோ?"

"மணி தந்தவரெல்லோ."

தவச்செல்வன் கதிரையில் இருந்தார். மேலங்கி மடியில் கிடந்தது. இருபத்தாறு வருடமாகக் கட்டிய கோட்டை அந்த இடத்தில் பொலபொலவென்று கொட்டியது.

"பத்மினி, எனக்குப் பயம். சரியான பயம். வன்னியிலை அந்தக் கரடி குளத்துக்கு அங்காலை நிண்டது. நான் இஞ்சாலை மரத்திலை. சத்தம் போட்டது என்னோடை வந்த அம்மான்."

"தெரியும். அவர் எங்கடை கலியாணவீட்டிலையே சொன்னவர்."

"அப்ப கொண்ணையிட்டைச் சொல்லும், நாங்கள் துனுக்கு வாறமெண்டு. எனக்குப் பயமெண்டே சொல்லும், பரவாயில்லை."

பத்மினி அவருக்கு எதிரே வந்து இருந்தாள். அவருடைய கையில் காயாமல் கிடந்த சேற்றைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"எனக்கும் அண்ணைக்குப் பக்கத்திலை இருக்க ஆசைதான். பயமெண்டு ஒரு சொல்லுச் சொன்னியளெண்டாப் போவம் எண்டு ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டிருந்தனான். நேற்றுப் பின்னேரம் பாத்தா, நீங்கள் என்னை வெருட்டக் குளியலறையிலை இருந்து சிரட்டைக்கு விரல் அளந்துகொண்டிருக்கிறியள்."

"அதுக்கு?"

"நேரா இல்லத்துக்குப் போய் ஐஞ்சு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன். சோறு ஆறுது, சாப்பிட்டிட்டு இரவைக்கு வேளைக்குப் படுங்கோ, விடிய ஆறு மணிக்கு வேலையெல்லோ."