பானட்டுக்குள்ளிருந்து தட்டியவர்

குமாசி,
14 மார்ச் 2023, செவ்வாய்க்கிழமை.

என் தமக்கையின் மகனும் என் வாரிசுமான யாவ் பொன்சுவுக்கு, மாமன் ஓபெங் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதே முறை. நேற்று மாலை முதல் அது உண்மையும் ஆகும்.

நீ ஹாம்பர்கிலிருந்து அனுப்பிய பழைய கார் பிப்ரவரி 20 அன்று வந்து சேர்ந்தது. மார்ச் 9, வியாழன் மாலை, எஞ்சினை அணைத்து நெடுநேரம் ஆன பின், பானட்டுக்கடியில் யாரோ விரல் மடக்கித் தட்டினார்கள். வாசலில் எவர் தட்டினாலும் 'ஆமே', உள்ளே வரலாம், என்று சொல்லியே பழகிய வாய் எனக்கு, சொல்லிவிட்டேன். தட்டல் நின்றது. அதுதான் என்னை நடுங்க வைத்தது: அனுமதி கிடைத்தவர் மீண்டும் ஏன் தட்டப்போகிறார்?

உன் அத்தை செர்வா வெளியே வந்தாள். "யாரைங்க உள்ள கூப்பிட்டீங்க?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாதவனையா கூப்பிட்டீங்க? வெள்ளக்காரன் செத்தாத்தான் அவன் சாமான் நம்ம ஊருக்கு வரும். அவன் மூச்சு அந்த ஏசியிலதான் இருக்கு. அதக் கழட்டுங்க, அப்புறம் வரேன்" என்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சமைக்கத் தெரியாத எனக்கு இது எத்தகைய பேரிடர் என்பதை நீ அறிவாய்.

நேற்று சுவாமே பட்டறையிலிருந்து ஃபிட்டர் அசாமொவாவை வீட்டுக்கு வரவழைத்தேன். "ஏசி கம்ப்ரஸர் முன்னாடி இருக்கிற கிளட்ச் தட்டு, கரண்ட் வந்தா காந்தத்துல போய் ஒட்டும். அந்தக் கரண்ட விட்டு நிறுத்துற ரிலே கோளாறு, அந்தச் சத்தம்தான்" என்றார். நான் ஏசிக்குள் இருந்த வெள்ளைக்காரனின் மூச்சை வெளியேற்றும் நோக்குடன் குழாயில் ஸ்பேனரை வைத்தேன்.

"கைய எடுங்க பெரியவரே. அந்த கேஸ் கண்ணுல பட்டா, அப்புறம் பேயே வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. கிளட்சக் கழட்ட கேஸத் தொடவே வேணாம்."

கண்ணாடி அணிந்தார், பேட்டரி இணைப்பை நீக்கினார், பெல்ட்டை இறக்கினார், தட்டு சுழலாமல் பிடித்து நடு போல்ட்டைக் கழற்றினார், பின்பு பூட்டு வளையம், புல்லி, காந்தச்சுருள் என ஒவ்வொன்றாக, நெம்பாமல் எடுத்தார். மாலையில் உன் அத்தை திரும்பிவிட்டாள்.

நீ நோயின்றி வாழ்க. முன்னோர் உன் முதுகுப்புறத்தைக் காப்பார்களாக.

அன்புள்ள மாமன்,
ஓபெங் அம்பொம்சா.

பின்குறிப்பு: விட்டுச்சென்ற கண்ணாடிக்காக அசாமொவா சற்றுமுன் வந்தார். "பயப்படுவீங்கன்னு நேத்து ரிலேன்னு சொன்னேன். அந்தக் கிளட்ச் வயர, கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடியே யாரோ வெட்டிட்டாங்க" என்றார்.

"அப்ப தட்டினது?"

"பதில் சொன்னது நீங்க. என்னைக் கேட்டா?"

உன் அத்தையிடம் சொல்ல ஓடினேன். அவள் காரின் முன்னிருக்கையிலிருந்து பின்புறம் திரும்பி, குவளையில் தண்ணீர் நீட்டிக்கொண்டிருந்தாள். "வந்தவருக்குத் தண்ணி கொடுத்துட்டுத்தானே வந்த காரியம் கேக்கணும்? பாவம், உங்க மருமகனத் தேடித்தான் வந்தாராம். விலாசம் கொடுத்துட்டேன்."

இக்கடிதத்துக்கு முன்பே அவர் அங்கு வந்து சேரக்கூடும். யார் தட்டினாலும் வாய் திறக்காதே.