சுற்றுக்கொடிக்கு நான் செய்த உபகாரம்

ராச்டேல்,
மார்ச் மாதம், திங்கள்கிழமை

அன்புள்ள ஹெஸ்டர் அத்தைக்கு,

உங்கள் முழங்காலும் பூனையும் சமாதானமாக இருப்பதாக நம்பி ஃப்ரேயா எழுதுவது. என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, உள்ளங்கையில்தான் கொப்புளம்.

சனிக்கிழமை நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி: "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" தெரியாததை மனிதர்களிடம் கேட்பதைவிடப் புத்தகத்தில் தேடுவது என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். மண்ணைப் பற்றி மூன்று புத்தகம் படித்திருந்தேன். மண்புழுவின் பெருமையை யாரும் கேட்காமலே ஒரு மணி நேரம் பேசுவேன்.

நகராட்சி வாடகைக்கு விடும் பொதுத் தோட்டத்தில் எனக்கு ஒரு துண்டு நிலம் கிடைத்ததே, வருடக்கணக்காக வரிசையில் காத்திருந்து, அதை முன்பு வைத்திருந்தவர் கைவிட்டுப் போனதில் இடுப்பளவு புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை தோட்டக் கமிட்டி பார்க்க வரும், பாதி நிலமாவது பண்படாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று செயலாளர் பெரில் எக்ளஸ் சொல்லிவிட்டார். மண்வெட்டியால் கொத்திக் கொத்திச் சாப்பாட்டு மேசை அளவுதான் தேறியது. அதனால் சனிக்கிழமை காலை, மண்ணைக் கிளறி உழும் ரோட்டவேட்டர் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். புல்லை அறுத்துவிட்டு அதை முடுக்கியதும், அத்தை, நான் அதை ஓட்டவில்லை, அது என்னை இழுத்துக்கொண்டு போனது. ரூபார்ப் செடியைத் தாண்டி, எரு குவித்த பெட்டியை முட்டி, வேலியை நோக்கிப் போனது.

"விடு, கண்ணு! கையை விடு!" என்று அடுத்த நிலத்து ஆர்மராட் கத்தினார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்.

"விட்டா ஓடிடுமே!"

"விட்டாத்தான் நிக்கும்!"

விட்டேன். நின்றது. அதன்பின் பழகிவிட்டது. மாலைக்குள் நிலம் முழுவதும் சாக்லேட் கேக் மாதிரி கறுப்பாக, பொலபொலவென்று கிடந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு வரிசையாக நின்று, துக்க வீட்டில் நிற்பதுபோல் பார்த்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்மராட் தொண்டையைச் செருமினார். "மழை வரும்போல."

"ஆமாங்க."

"நல்ல மெஷின்."

"ரொம்ப நல்ல மெஷின்."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் கமிட்டி வந்தது, தலையாட்டியது, போனது. நிலம் எனக்கே. அவர்கள் வாசல் கதவைத் தாண்டிய பிறகு ஆர்மராட் குனிந்து, சேமியா மாதிரி வெள்ளையாக எதையோ என் மண்ணிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இது என்ன, தெரியுதா?"

"ஏதோ வேர்."

"சுத்துக்கொடி வேர். வேலியில வெள்ளைப் பூவா பூக்குமே, அதுதான். முழுசா கெடந்தா ஒரு கொடி. நறுக்கிப் போட்டா ஒவ்வொரு துண்டும் ஒரு கொடி. உன் மெஷின் நல்லா நறுக்கியிருக்கு."

நான் மண்ணைப் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் சேமியா.

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நீ கேக்கலையே. அடுத்தவங்க நெலத்துல மூக்கை நுழைக்கிற ஆளா நான்?"

"அப்போ எதுக்கு எல்லாரும் டீயோட வந்து நின்னீங்க?"

"பாக்கத்தான்."

நம் ஊர் மரியாதை இப்படியும் ஒருத்தியைக் கவிழ்க்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை, அத்தை. இரவெல்லாம் யோசித்துவிட்டேன். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். சமையலறை ஜன்னலில் ஒரு தொட்டிப் புதினா எனக்குப் போதும். என்னைத் தேற்ற வேண்டாம், முடிவு மாறாது. ஆர்தர் மாமாவுக்கு என் அன்பு. பூனைக்கு ஒரு தடவல்.

உங்கள் அன்பு மருமகள்,
ஃப்ரேயா

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் மூன்று வாரமாக என் பையிலேயே கிடக்கிறது. நிலம் வேண்டாமென்று பெரிலிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இந்தத் தோட்டத்துல அந்த மெஷினை ஒரு தடவை எடுக்காதவங்க யாருமே இல்லம்மா. ஆர்மராட் ரெண்டு தடவை எடுத்தான்" என்று காகிதத்தை என் கையிலேயே திருப்பித் தந்தார். அன்று மாலையே ஐந்தாறு பேர் ஆளுக்கொரு முள்கொத்தியோடு வந்தார்கள். யாரையும் நான் கூப்பிடவில்லை. மண்டி போட்டு, வேர்த் துண்டுகளைப் பொறுக்கி ஒரு மூலையை மட்டும் சலித்தெடுத்தோம். இன்று புனித வெள்ளி, இங்கே உருளைக்கிழங்கு நடும் நாள், எல்லாரையும் போல நானும் அந்த மூலையில் நட்டேன். சுற்றுக்கொடி செவ்வாய்க்கிழமையே முளைத்துவிட்டது.