பாண்டி கைமாறிய கதை

ரவிசங்கர் பாண்டியைப் பெரியவனாக்கிப் பார்க்க ஆசைப்பட்டான். அதற்கு ஒரு பொய் சொல்வதென்று முடிவு செய்தான். பொய்யைப் பெண்டாட்டியிடம் சொல்வதென்றும் முடிவு செய்தான். விதி.

பாண்டி பிள்ளையல்ல, பூதம். கையடக்க வீடியோ கேமுக்குள் வாழும் கொம்பு முளைத்த ஆமை. விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் ரவிசங்கர், அதைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்து வருஷக்கணக்காய் வளர்த்தான். முதலில் வந்த கேசட்டில் பூதங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. அடுத்ததில் கலர் வந்தது. கடிகாரமும் வந்தது, சில பூதம் இருட்டினால்தான் தலைகாட்டும். வயர் போட்டுப் பாண்டியைப் புதுக் கேசட்டுக்குக் கூட்டி வந்தான். பூதங்களின் உலகமே மாறியது. பாண்டி வளரவில்லை. சொந்தக் கேசட்டுக்குள் மாற்றினால் கணக்கில்லை, இன்னொருவர் மிஷினுக்குக் கைமாறினால்தான் அது ராட்சச ஆமையாகும். அப்புறம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொருவருக்கு எங்கே போக? கல்யாண நாளுக்குப் பட்டுப்புடவை கேட்ட தேவிகாவுக்கு வீடியோ கேம் வந்தது.

"உனக்காகவே தேடி வாங்கினேன்."

தேவிகா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல முந்தானை எந்தப் பக்கம்?"

வயரை மாட்டினான். பாண்டி போனான். அவள் திரையில் மளமளவென்று வளர்ந்து மலையாய் நின்றான். ரவிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, திருப்பி அனுப்பு."

தேவிகா வயரைப் பிடுங்கினாள். அந்த வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம். சண்டை மட்டும் தமிழ், பக்கத்து வீட்டுக்கும் புரிய வேண்டுமே. தமிழுக்கு மாறினாள்.

"எனக்காகத்தானே வாங்குனீங்க? வண்டியூர் தெப்பத் திருவிழா முடியட்டும், தாரேன். அதுவரைக்கும் தண்ணி நீங்கதான் பிடிக்கணும்."

பிடித்தான். குழாயடியில் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கேட்டாள்: "என்னண்ணே, அக்காவுக்கு மேலுக்கு முடியலையா?"

ஆமைக்காக என்று சொல்ல முடியுமா? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

தெப்பம் முடிந்தது. வயரோடு ஓடி வந்தான். அவள் கையில் வேறு மிஷின். அகலம், பளபளப்பு. வயர் நுழையவில்லை.

"பழசு எங்கடி?"

"முகம்மது கனி அண்ணன் வீடியோ கேம் கடையில கேசட்டோட குடுத்துட்டு இதை எடுத்தேன். இதுல பூதம் ஜோடி ஜோடியாச் சண்டை போடுது. எம்புட்டு நல்லாருக்கு தெரியுமா!"

"பாண்டி?"

"பழைய பூதம் எதுவும் இதுக்குள்ள வராதாம். விளையாட்டையே மாத்திப்புட்டாங்க. நான் என்ன செய்ய?"

கனி கடைக்கு ஓடினான்.

"இப்பத்தான் பேரையூர்க்காரரு ஒருத்தர் வாங்கிட்டுப் போறாரு அண்ணே. இங்கனயே உக்காந்து புது ஆட்டம் ஆரம்பிச்சாரு. பழசு அம்புட்டும் அழிஞ்சுபோச்சு."

இடிந்துபோய் வீடு திரும்பினான். குடம் காலியாகக் காத்திருந்தது. தேவிகா தலை நிமிரவில்லை.

"உங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கங்க. இதுல என் நண்டுப் பூதம் கைமாறினாத்தான் வளருமாம். வளந்ததும் திருப்பித் தந்துரணும்."

"தரலைன்னா?" மிச்சமிருந்த வீரத்தில் கேட்டான்.

"ராத்திரிச் சோறு எந்தக் கேசட்டுல வரும்னு தேடிக்கங்க."