செல்வராஜ் வீட்டுப் படத்தில் மஞ்சள் சுடிதார்

தனியாக இருக்கிறவர்கள் கையில் கத்திரிக்கோலைக் கொடுத்தாலும் கொடுக்கலாம், படம் வெட்டி ஒட்டுகிற கொம்பியூட்டரைக் கொடுக்கவே கூடாது. பட்டவள் சொல்கிறேன். இருபத்து நான்கு வயதில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத ஒரு குடும்பத்தின் புதுமனை புகுவிழாவை நான் நாசமாக்கினேன்.

அப்போது கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. (ஸ்டூடியோ என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி. கீழே கம்பி வெட்டினால் மேலே என் மேசை நடுங்கும்.) தேயிலைப் பெட்டி, கல்யாண அட்டை, பேக்கரிச் சின்னம், பாடசாலை மலர் என்று வந்ததையெல்லாம் செய்வோம். முதலாளி நுவன், இரண்டு பெடியன்கள், நான். அவர்கள் மூவரும் சிங்களம். தமிழ் வேலைக்கென்று என்னை யாழ்ப்பாணம் சாவகச்சேரியிலிருந்து இறக்கியிருந்தார்கள். 'ஒன்றாய்ச் சிந்திக்கும் படைப்பாளிகள்' என்று எங்கள் விளம்பரத்தில் இருக்கும். படைப்பாளிகள் நாலு பேரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நாலு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

என் சிங்களம் பஸ் கொண்டக்டருக்குக் காணும், பகிடிக்குக் காணாது. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன், என்ன, கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பேன். காலையில் போனில் அம்மாவோடு தமிழ் பேசினால், அடுத்த தமிழ் மறுநாள் காலை அதே அம்மாவோடுதான்.

"பிள்ளை, அங்க சிநேகிதமா ஆரும் இருக்கினமே?"

"ஓம் அம்மா. நிறையப் பேர். எல்லாரும் நல்ல மாதிரி."

"அப்ப சேந்து நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பன், பாப்பம்."

"அனுப்புறன், அனுப்புறன்" என்று எட்டு மாதம் ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் வத்தேகமவிலிருந்து செல்வராஜ் அங்கிள் வந்தார். பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கூடவே மனைவி சாந்தி அன்ட்டி, மகள் கௌரி. மகன் பிரதீப் மட்டும் கட்டாரில்.

"அவன் ஏழு வருஷம் அங்க கெடந்து உழைச்சுக் கட்டுன வீடுங்க" என்றார் அங்கிள். "பால் காய்ச்சுறதுக்கு வரணும்னு கேட்டான், லீவு இல்லைன்னுட்டாங்க. படத்துலயாவது அவன் எங்களோட நிக்கணும். இவ அது ஒண்ணைத்தான் கேக்குறா."

இந்த மாதிரி வேலை எங்களுக்குப் புதிதில்லை. கண்டியைச் சுற்றி வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு எது? இருக்கிறவர்களை நிறுத்தி, இல்லாதவருக்கு இடைவெளி விட்டுப் படம் எடுப்போம். பிறகு அவருடைய படம் வந்ததும் இடைவெளியில் ஒட்டுவோம். நுவன் அப்படித்தான் நடுவில் ஒரு ஆள் அகலம் விடச் சொன்னார். அன்ட்டி உடனே வலது கையைத் தூக்கி அந்த வெற்றிடத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

"அவன் தோளு இங்கதான் வரும்" என்றார். கையை ஒரு விரல் ஏற்றினார், பிறகு இறக்கினார். "இல்ல, இங்க. இங்கதான்."

படம் எடுத்து முடியும்வரை அந்தக் கை ஆடவில்லை. அந்தக் கைக்குக் கீழே ஒரு தோளை வைப்பது என் வேலை.

பிரதீப்பின் படம் வரவில்லை. இன்றைக்கு அனுப்புகிறேன், நாளைக்கு அனுப்புகிறேன் என்று வட்ஸ்அப்பில் ஒரு வாரம் போனது. (ஆள் அதிக நேர வேலையில் இருந்திருக்கிறார், பாவம்.) கை விழுகிற இடத்தில் நிழல் எப்படி வரும் என்று பார்க்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான், வேலைக்காக மட்டும்தான் என்று சத்தியம் பண்ணுகிறேன், வெள்ளைச் சுவரோடு நின்று என்னையே ஒரு படம் எடுத்தேன். என்னிடமிருந்த ஒரே நல்ல உடுப்பான மஞ்சள் சுடிதார் அன்று தற்செயலாக என் மேலே இருந்தது. வெட்டினேன், ஒட்டினேன். பிரதீப்பின் உயரத்துக்கு இழுத்ததில், ஐந்தடியை எட்டிப் பிடிக்கவே பாடுபட்ட நான் ஐந்தடி எட்டு அங்குலமானேன்.

கை வந்து என் தோளில் உட்கார்ந்தது. அவ்வளவு சரியாக உட்கார்ந்தது.

நான் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த எட்டு மாதத்தில் என்னை ஒருவரும் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸில் இடித்தவர்களைச் சேர்க்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைப் பெடியன் பார்த்துவிடக் கூடாதே என்று கீழே விழாத பேனாவைக் கீழே தேடினேன்.

படத்தை அம்மாவுக்கும் அனுப்பினேன். "எனக்குத் தெரிஞ்ச குடும்பம்" என்று எழுதினேன். "நல்ல ஆக்களாத் தெரியுது. நீ என்ன இப்பிடி வளந்திட்டாய்?" என்று பதில் வந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷி. பிரதீப்பின் படம் ஒருவழியாக வந்தது. பாலைவன வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைக்கவசத்தை அக்குளில் இடுக்கியபடி நின்றார். அவரை எங்கள் ஊர் நிழலுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நல்லபடியாகவே செய்து, வேறு பெயரில் சேமித்து வைத்தேன். ஆனால் நான் நிற்கிற படத்தை அழிக்க மனம் வரவில்லை. மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அதைத் திறப்பேன். ஒரு நாள் தோளில் கிடந்த சோலின் சுருக்கத்தை எடுத்தேன். ஒரு நாள் முகப்பருவை எடுத்தேன். கௌரியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நின்றால் இன்னும் சொந்தமாகத் தெரியும் என்று பட்டது, சாய்த்தேன்.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளரின் ஃபோல்டரில் கடைசியாகச் சேமித்தது எதுவோ, அதுதான் அச்சுக்குப் போகும். இதை நுவன் நூறு தரம் சொல்லியிருக்கிறார். நானே அதைத் தமிழில் அழகாக எழுதிச் சுவரிலும் ஒட்டியிருந்தேன். (தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான்தான். நானும் வாசிக்கவில்லை.)

அச்சுக்கு அனுப்புகிற அன்று மதியம் என் மூக்கு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. சின்னதாக்கினேன். சேமித்தேன். இரண்டு மணிக்கு நுவன் ஃபோல்டரில் கடைசியாக இருந்ததைத் திறந்தும் பாராமல் பிலிமத்தலாவை அச்சகத்துக்கு அனுப்பினார். நாலடி அகலக் கன்வஸ், சட்டம் போட்டு, பிரவுண் தாள் சுற்றித் திரும்பி வந்தது.

"யசோ, நீ போ" என்றார் நுவன், தனக்குத் தெரிந்த தமிழில். "தமிழ் வீடு. உனக்கு நல்லம்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்டிக்கு வந்த பிறகு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போவது அதுதான் முதல் தரம். என்ன உடுப்பது என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் சுடிதாரை உடுத்தேன்.

வீட்டில் முப்பது பேராவது இருப்பார்கள். பால் பொங்கி முடிந்திருந்தது. "வாங்கம்மா, வாங்க, ஒங்களுக்காகத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்று அன்ட்டி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். மேசையில் ஒரு சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில் பிரதீப். வேலையிடத்து உடுப்போடு, இடைவேளையில் நின்றார்.

"இர்றா, இப்ப நீயும் எங்களோட நிப்ப" என்று அன்ட்டி போனைப் பார்த்துச் சொன்னார்.

அங்கிள் தாளைக் கிழித்தார்.

முதலில் பேசியது சொந்தக்காரச் சின்னப்பெண் ஒருத்தி. "அம்மா, பிரதீப் மாமா ஏன் சுடிதார் போட்டிருக்காரு?"

முப்பது பேரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு மறுபடி படம். குற்றம் செய்தவள் தடயத்தை மறைப்பாள் என்பார்கள், நான் அதை அயர்ன் பண்ணி உடுத்திக்கொண்டு வந்திருந்தேன். ஒரே வித்தியாசம், படத்தில் மூக்கு சின்னது.

"என்னாம்மா சத்தத்தையே காணோம்? காட்டுங்க, எப்படி இருக்கேன்?" என்றது போன்.

யாரும் போனைத் திருப்பவில்லை. கடைசியில் அங்கிள்தான் திருப்பினார்.

பிரதீப் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நான் எங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வீட்டைக் கட்டியவர் அவர். அவர் நிற்பதற்கு அந்தச் சுவரில் இருந்த ஒரே இடத்தை நான் எடுத்துக்கொண்டு, போதாததற்கு கௌரியின் பக்கம் சாய்ந்தும் நின்றேன்.

"ஏம்மா," அன்ட்டி என்னைப் பார்த்தார், குரல் எழும்பவேயில்லை, "எம் புள்ள எங்கம்மா?"

அச்சகப் பிழை என்று ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "அன்ட்டி, உங்கட கை சும்மா இருந்தது. நான் ஒருக்கா நிண்டு பாத்தனான். இஞ்ச எனக்கு ஒருத்தரும் இல்லை." அவ்வளவுதான், முப்பது பேருக்கு நடுவில் சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழத் தொடங்கினேன். மூக்கு ஒழுகியது, அதுவும் சாதாரணமாக இல்லை.

"யாழ்ப்பாணத்துப் புள்ளயா?" என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தார்.

அப்போது போனிலிருந்து பிரதீப் சொன்னார். "அம்மா, அவங்கள ஏசாதீங்க. நீங்க மூணு பேரும் நிக்கிற படத்த அனுப்புனீங்கல்ல, நானும் போன்ல என்னைய வெட்டி அதுல ஒட்டிப் பார்த்தேன். தல மட்டும் பெருசா வந்துருச்சு. அவங்க நல்லா ஒட்டியிருக்காங்க." அதற்குள் அங்கே ஏதோ மணி அடித்தது. "போறேன்மா, கூப்பிடுறாங்க" என்றார். திரை அணைந்தது.

அன்ட்டி அணைந்த போனை எடுத்து முந்தானையில் துடைத்து வைத்தார். பிறகு என்னைக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்து, பாற்சோறு தந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பிரதீப் நிற்கிற படத்தைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டு முன்னறையில் மாட்டினோம். பிழையான படத்தைத் திருப்பி எடுக்கப் போனபோது அன்ட்டி தரமாட்டேன் என்றுவிட்டார். "நிக்கிற புள்ளய எப்படிம்மா குப்பையில போடுறது?" அதை உள்ளறையில், அலுமாரிக்கு மேலே மாட்டிவிட்டார்.

நுவன் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அச்சுக்கு முன் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார், அதற்கு என் பெயரையும் வைத்தார். பெடியன்கள் பேக்கரிப் பெட்டி, சவர்க்கார உறை, பாடசாலைக் கிரிக்கெட் அணி என்று கிடைத்த இடத்திலெல்லாம் என்னை ஒட்டி எனக்கே அனுப்பினார்கள். அந்தப் பகிடிகளுக்கு மட்டும் நான் பிந்தாமல் சிரித்தேன்.

உண்மை தெரிந்த பிறகு எங்கள் வீட்டிலும் விடவில்லை. இப்போதும் சாவகச்சேரியில் குடும்பப் படம் எடுக்க நின்றால் அப்பா எல்லாரையும் தொட்டுப் பார்ப்பார். "எல்லாரும் உண்மையா நிக்கிறியளோ, இல்லாட்டி இவள் ஒட்டினதோ?" அம்மா ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே நிற்பாள்.

நான் இப்போது கொழும்பில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் இருக்கிறேன். அங்கே இன்னும் நல்ல இயர்போன். போன மாதம் கௌரி போன் எடுத்து ஒரு விஷயம் சொன்னாள். உள்ளறைப் படத்தைப் பார்த்து யார் இது என்று கேட்கிறவர்களுக்கு அன்ட்டி முதலில் முழுக் கதையையும் சொல்வாராம். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்விட்டதாம். இப்போதெல்லாம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே பதில்தானாம்.

"அது எங்க மூணாவது புள்ள. கொழும்புல வேலை. தீபாவளிக்கு வர்றேன்னு சொல்லியிருக்கு."

நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. பஸ் நேரம் மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.