ஓடுபாதையில் உடைத்த தேங்காய்

பயந்தவர்களுக்கு ஒரு திறமை உண்டு. வராத ஆபத்தெல்லாம் எங்கள் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாங்களே கூட்டிவரும் ஆபத்துதான் தெரியாது.

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்குக் கும்பிடு போட்ட எனக்கு, கோலா சாவா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன விமானத் திடலில் வேலை. புல் வெட்ட வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதையில் உடும்பு, பன்றி, கொக்கு எது நின்றாலும் விரட்டிவிட்டு வாக்கி-டாக்கியில் "கிளியர்" சொல்ல வேண்டும். இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு ஒரு கொக்கு மோதினாலே போதும் என்று கேப்டன் டேனியல் முதல் நாளே சொல்லிவிட்டார். (அன்றிலிருந்து கொக்கைக் கண்டால் எனக்குத்தான் படபடக்கும்.)

கேப்டன் நல்ல மனுஷன். திடலில் கேண்டீன் நடத்தும் என் மனைவி செல்வியை ஒரு நாள், ஒரு ரவுண்டு வருகிறீர்களா என்று கேட்டுவிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏன் போகக்கூடாது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் விமானம் மேலே இருந்தது.

புது லோரி வாங்கினால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? தேங்காய் உடைப்பார்கள். லோரிக்கே தேங்காய் என்றால், ஆகாயத்தில் போகும் பெண்டாட்டிக்கு? சட்னிக்கு வைத்திருந்த தேங்காய்களைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இறங்கும்போது சக்கரம் எங்கே தரையைத் தொடுமோ, சரியாக அங்கேயே பிள்ளையாரை வேண்டிச் சிதறு தேங்காய் போட்டேன். ஒன்று போதாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் போட்டேன். நெஞ்சு லேசானது.

செம்பனை மட்டைகள் அசைந்தன. முதலில் ஒரு கிழட்டுக் குரங்கு வந்தது. பின்னாலேயே குட்டி சுமந்த தாய்மார்கள், மாமன், மச்சான் என்று வந்து கல்யாணப் பந்திபோல் உட்கார்ந்துவிட்டார்கள். தகரத்தைத் தட்டினேன். குரங்குகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புல்லில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குகள்தான் மொத்தமாக எழும்பின, விமானம் இறங்கி வரும் வழிக்கே.

அந்தக் காட்சியை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. கோலா கிளாவாங் மலைப் பக்கம் மழை கறுத்து நிற்கிறது. அந்தக் கறுப்பு முழுக்க வெள்ளை இறக்கைகள். அவற்றுக்கு நடுவிலிருந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு, இடிபோல் என் தலைக்கு மேலே விமானம். புல்லெல்லாம் தரையோடு படுத்தது. நானும் படுத்தேன். பயப்படக்கூட மறந்து, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கொக்கின் இறகும் உதிராமல் அது மேலே ஏறிப் போனது.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அண்ணே, ரன்வேல என்னா?"

"குரங்கு, கேப்டன். குடும்பத்தோட வந்திருக்குலா."

"வெரட்டுங்கண்ணே. மழ வந்துட்டா எறங்க முடியாது."

"சாப்ட்டதும் போயிரும் கேப்டன்."

"என்னத்த சாப்பிடுது?"

இரைச்சலுக்கு நடுவே செல்வியின் குரல் வந்தது.

"ஏங்க, தேங்கா ஒடச்சீங்களா?"

சட்டையைக் கழற்றினேன். சில்லுகளை அள்ளிக் கட்டிக்கொண்டு செம்பனைக் காட்டைப் பார்த்து ஓடினேன். பந்தியில் இலையைப் பிடுங்கினால் விருந்தாளிகள் சும்மா இருப்பார்களா? மொத்தக் கூட்டமும் என் பின்னால் வந்தது. கிழடு என் கால்சட்டையைப் பிடித்து இழுக்க, நான் வடிகாலில் விழுந்தேன். மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரும்பிப் பார்த்தேன். ஓடுபாதை வெறிச்சோடிக் கிடந்தது. சேற்றில் கிடந்தபடியே "கிளியர்" என்றேன். (அழுதேன் என்று கேப்டன் சொல்கிறார். சேறு.)

முதல் தூறலோடு சக்கரம் தரையைத் தொடும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

இப்போது கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது செல்வியிடம், மேலே இருந்து என்ன தெரிந்தது என்று கேட்டுவிடுவார்கள். அவளும் சலிக்காமல் சொல்வாள்.

"போர்ட்டிக்சன் கடல் தெரிஞ்சுச்சு. கண்ணுக்கெட்டுன வரைக்கும் செம்பன, பச்சப் பாய் விரிச்ச மாதிரி. அப்பறம், சட்டையில்லாம ஒரு கொரங்கு முன்னால ஓடுச்சு. மத்ததெல்லாம் அத வெரட்டிக்கிட்டு ஓடுச்சுங்க."