பட்டன் வனவிலங்கான விவரம்

திருப்பூரில் மலை கிடையாது. இது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் மலை சைக்கிள் கழகம் ஒன்று உண்டு. தடித்த டயரும் ஏகப்பட்ட கியரும் வைத்த சைக்கிள்கள் நாலு, ஓட்டுகிறவர்கள் நாலு பேர், அவ்வளவுதான் கழகம். மலை இல்லாத குறையை, சேவூர் போகிற வழியில் இருந்த ஒரு மண்மேட்டை வைத்து அவர்கள் தீர்த்துக்கொண்டார்கள். எப்போதோ குளத்தைத் தூர் வாரியபோது கரையோரம் கொட்டிவிட்டுப் போன மண் அது. இரண்டு மாடி உயரம் இருக்கும். சீமைக்கருவேலம் தானாக முளைத்து ஒரு கம்பீரம் கொடுத்திருந்தது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் அதற்குப் பெயர் டிரெயில்.

கழகத்தில் வயதில் மூத்தவர் ராஜா முகமது. அயர்னிங், பேக்கிங் யூனிட் வைத்திருந்தார். சர்க்கரைக்காக நடக்கச் சொன்ன டாக்டரின் பேச்சைச் சற்று மிகையாகக் கேட்டு, மலை சைக்கிள் வாங்கிவிட்டார். ஏறுவதில் அவருக்குக் கஷ்டம் இல்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இறங்குவதில்தான் சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். இருந்தும் ஞாயிறு தவறாமல் வந்ததற்குக் காரணம், ஓட்டி முடித்தபின் டீக்கடையில் நடக்கும் பேச்சு. கூடவே பட்டனும் வரும். பட்டன் அவருடைய பூனை. பனியன் துணி மூட்டைக்குள் குட்டியாகக் கிடைத்தது. ஹேண்டில்பாரில் மாட்டிய பைக்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டி, வழியெல்லாம் மேற்பார்வை செய்துகொண்டே வரும்.

"பாய், இறங்கறப்ப இடுப்பைப் பின்னாடி தள்ளோணுமுங்க. வெயிட்டெல்லாம் பின் டயர்ல உக்காரோணும்" என்பான் குகன். கழகத் தலைவர், சாயப்பட்டறைக்காரர் மகன். அவனுடைய சைக்கிளின் விலையைக் கேட்டவர்கள், காருக்கு இது பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, பிறகு சைக்கிள் என்று தெரிந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"தள்றேன் தம்பி. தள்ளுனா சீட்டு காணாமப் போயிடுது."

"எங்க ஊட்டு ஹஸ்கி நாய்க்கு நேத்து ஏசி ரிப்பேருங்க" என்று நித்யஸ்ரீ பேச்சை மாற்றுவாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு பையர்களிடம் ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசர். "ராத்திரி பூரா அது தூங்கவே இல்லீங்க. நாங்க வெளிய படுத்துட்டு, எங்க ரூமை அதுக்குக் குடுத்துட்டோம்."

"எங்க டாமிக்கு ஏசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பழைய சோத்தைத் தின்னுட்டு டயரைக் கடிக்கும்" என்பான் ஜெபக்குமார். தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து கட்டிங் மாஸ்டராக இருப்பவன். டாமியைக் கயிறு கட்டி சைக்கிளோடு ஓட்டி வருவான்.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், மேட்டடியில் கழகப் பெயரோடு ஒரு போர்டு வைத்தால் போட்டோ எடுக்க நன்றாக இருக்குமே என்று குகனுக்குத் தோன்றியது. போர்டு வைக்க அனுமதி வேண்டும். உயர்நிலப் பராமரிப்பு உதவி அலுவலகம் என்று ஒன்று இருப்பதை அவன் தேடிக் கண்டுபிடித்தான். தேடி வந்த முதல் ஆள் அவன்தான். உதவி அலுவலர் ஆத்தப்பன் எழுந்து நின்று வரவேற்றார்.

"மலை சைக்கிளுக்குப் போர்டு. நல்ல காரியமுங்க. ஆனா மலை சைக்கிள்னா மலை வேணுமில்லீங்களா? எங்க பதிவுல அந்தப் பக்கம் மலையே இல்லீங்களே."

அந்த இடத்தில் 'அது வெறும் மண்மேடுங்க' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் குகனின் ஜெர்சியில் 'சம்மிட்', அதாவது சிகரம், என்று அச்சடித்திருந்தது.

"இருக்குதுங்களே. நாங்க வாராவாரம் ஏறுறோமுங்க" என்றான்.

ஆத்தப்பன் நேரில் வந்தார். அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. கழுத்து வலித்தால் அது மலை என்பது அலுவலகத்தின் அளவுகோலாக இருக்க வேண்டும். "மேற்படி நிலப்பரப்பானது மலை எனக் கண்டறியப்பட்டு" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். எல்லோரும் கை தட்டினார்கள். ராஜா முகமதுவும் தட்டினார். திருப்பூருக்கு ஒரு மலை கிடைக்கிறபோது ஒருவர் மட்டும் தட்டாமல் நிற்பது முறையல்ல.

அடுத்த ஞாயிறு ஆத்தப்பன் மறுபடியும் வந்தார். மலை என்றால் வனவிலங்கு இருக்கும், அதைக் கணக்கெடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். அந்த நேரம் பார்த்து பட்டன் பையிலிருந்து இறங்கி, மலை உச்சியில் உட்கார்ந்து, வாலை நக்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க பாய், அது என்னுங்க?"

"நம்ம பூனைங்க. பட்டன்."

"ஊட்டுப் பூனைன்னா ஊட்டுல இருக்குமுங்க. இது மலையில இல்ல இருக்குது?"

"நான்தான் கூட்டியாந்தேன்!"

"காட்டு விலங்கைப் புடிச்சு ஊட்டுல வெச்சிருந்தீங்களா? அதை நான் கேக்கவே இல்லீங்க பாய். நீங்க நல்ல மனுசரு. சொல்லாதீங்க."

"அப்ப அந்த நாய்?" என்று ராஜா முகமது பதறிப்போய் டாமியைக் காட்டினார்.

"நாய்க்குக் கயிறு இருக்குதுங்களே. கயிறு இருந்தா வளர்ப்பு. கயிறு இல்லாட்டி வனம்" என்று ஆத்தப்பன் பொறுமையாக விளக்கிவிட்டு, பட்டனைக் கூண்டில் வைத்து ஜீப்பில் ஏற்றினார். ஜீப் மறையும் வரை பட்டனின் கத்தல் கேட்டது.

ராஜா முகமது கூட்டாளிகளிடம் திரும்பினார். "அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. இது மலை இல்ல, மண்ணுன்னு."

குகன் செருப்பால் மண்ணைக் கிளறினான். "பாய், ஜெர்சி இன்னும் ரெண்டு செட்டு ஆர்டர் குடுத்துட்டனுங்க."

"நான் ஸ்டேட்டஸ் போட்டுட்டேங்க. பையர் ஒருத்தர் ஜெர்மனியில இருந்து லைக் பண்ணியிருக்காரு" என்றாள் நித்யஸ்ரீ.

ஜெபக்குமார் டாமியின் கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டான். "மனசு கேக்கல பாய். ஆனா ஊர்ல எங்க மாமாகிட்ட மலையேறுதேன்னு சொல்லிப்போட்டேன். அவரு சர்ச்சுல எல்லார் முன்னாடியும் அதைச் சாட்சியாச் சொல்லிட்டாரு."

வீட்டில் மனைவி ரஹ்மத்துன்னிசா காலிப் பையைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மலைன்னு எழுதுனப்ப நீங்களும் கை தட்டினீங்களா?"

"எல்லாரும் தட்டினாங்க, அதான்..."

அவள் பட்டன் படுக்கும் பழைய துண்டை மடித்து அலமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் சோறு இருந்தது, பேச்சு இல்லை.

ராஜா முகமது யூனிட்டைப் பையன்களிடம் விட்டுவிட்டு, தினமும் அலுவலகத்துக்குப் போனார். கூண்டுக்குள் பட்டன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பால் கொடுக்கக் கூடாதாம். வனவிலங்கு வேட்டையாடித்தான் உண்ண வேண்டும் என்பதால் உயிரோடு ஒரு எலியைக் கூண்டுக்குள் விட்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து நெத்திலியும் தயிர்சோறும் தின்று வளர்ந்த பட்டன், எலியைப் பார்த்ததும் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டது. எலி நடுவில் சௌகரியமாகப் படுத்திருந்தது.

"சாப்பிடமாட்டேங்குதுங்க" என்றார் ஆத்தப்பன். அவர் முகத்திலும் நிஜமான கவலை இருந்தது. "காட்டு ஏக்கமுங்க. இதை வாழ்விடத்துலயே கொண்டு போய் விட்டாத்தான் பொழைக்கும். ஞாயித்துக்கெழமை காலைல திருப்பி விடறோமுங்க."

அந்த வாழ்விடம் எந்த மேடு என்று ராஜா முகமதுவுக்குத் தெரியும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "நல்லதுங்க. காட்டு விலங்கு காட்டுலதான் இருக்கோணும்" என்றார்.

ஞாயிறு காலை விழா சிறப்பாக நடந்தது. மலை உச்சியில் கூண்டு. புது ஜெர்சியில் கழகம். ஆத்தப்பன், "இவ்வரிய உயிரினம் தன் தாயகம் திரும்புகிறது" என்று கண் கலங்கப் பேசினார். ராஜா முகமது மட்டும் மேலே வரவில்லை. முட்டி வலி என்று சொல்லிவிட்டு, அடிவாரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையின் வாய் திறந்திருந்தது. உள்ளே வறுத்த நெத்திலி.

கூண்டு திறந்தது. பட்டன் வெளியே வந்து மூக்கைத் தூக்கியது. அவ்வளவுதான். உச்சியிலிருந்து நேராக டிரெயிலில் இறங்கியது. வளைவில் சாய்ந்தது, பள்ளத்தைத் தாண்டியது, எங்கும் சறுக்கவில்லை.

"பாத்தீங்களா! வெயிட்டைப் பின்னாடி போட்டு இறங்குது!" என்று குகன் தன்னை மறந்து கத்தினான்.

பட்டன் பைக்குள் தாவியது. ராஜா முகமது ஜிப்பை இழுத்துவிட்டு, சர்க்கரை, முட்டி எதையும் நினைக்காமல் மிதித்தார். அன்றைக்கு அவர் ஒரு இடத்திலும் விழவில்லை. வீட்டு வாசலில் ரஹ்மத்துன்னிசா பையைத் திறந்து பார்த்து, "எலும்பா இருக்குதே புள்ள" என்று அழுதுவிட்டு, அலமாரியிலிருந்து துண்டை எடுத்தாள். அவருக்கும் டீ கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் ஆத்தப்பன் வீட்டுக்கு வந்தார். ஜீப்பில் அல்ல, பஸ்ஸில். சோபா நுனியில் உட்கார்ந்தார். பட்டன் அவர் மடியிலேயே ஏறிப் படுத்துக்கொண்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி தடவிக்கொடுத்தார்.

"பாய், மேலிடத்துல இருந்து பெரிய அதிகாரி வர்றாருங்க. மலையில ஒரு வனவிலங்கு இருக்குதுன்னு ரிப்போர்ட் அனுப்பிட்டனுங்க. வந்து பாக்கறப்ப இல்லீன்னா, எங்க போச்சுன்னு விசாரணை வருமுங்க. என்ரகிட்டயும் கேப்பாங்க, உங்ககிட்டயும் கேப்பாங்க. ஒரு மணி நேரம் மட்டும் அதைக் கொண்டாந்து உக்கார வெச்சீங்கன்னா..."

ராஜா முகமது மனைவியைப் பார்த்தார்.

"வெயிலுக்கு முன்னாடி ஊட்டுக்கு வந்துரணும். எலி கிலி கூடாது" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

"எலியெல்லாம் இல்லீங்கம்மா."

விஷயம் டீக்கடைக்குப் போனதும் நித்யஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. "பாய் ஊட்டுப் பூனைக்கு மட்டும் வனவிலங்குன்னு பேருங்களா? எங்க ஹஸ்கி ஓநாய் சாயல்தானுங்களே!" ஜெபக்குமார் டாமியின் கழுத்து முடிச்சைத் தடவிப் பார்த்தான். பெரிய அதிகாரி வந்த அன்று டாமியின் கழுத்தில் கயிறு இல்லை.

அந்தப் பெரிய அதிகாரி குளிர்கண்ணாடி போட்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் கழுத்து வலித்தது. உச்சியில் பட்டன் உட்கார்ந்திருந்தது. நாக்கைத் தொங்கவிட்டபடி ஹஸ்கி ஒரு கருவேல நிழலில் மூச்சிரைத்தது. டாமி ஒரு டயரைக் கடித்துக்கொண்டிருந்தது.

"மூணு! பிரமாதம்" என்றார். பிறகு அவர் பார்வை டாமிக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஹெல்மெட்டும் மினுமினுக்கும் இறுக்கமான உடையுமாக நாலு பேர் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். "பாதுகாக்கப்பட்ட மலை இது. மனிதர்கள் நுழையக் கூடாது என்று போர்டு வைக்கச் சொன்னேனே. இவர்கள் யார்?"

ஆத்தப்பன் மண்டைக்குள் கணக்குப் போட்டார். போர்டு வைக்கவில்லை. மனிதர்கள் என்றால் அத்துமீறல். அத்துமீறல் என்றால் வழக்கு. வழக்கு என்றால் அவர் வேலையும் போகும். அவர் ராஜா முகமதுவைப் பார்த்தார். ராஜா முகமது பட்டனைப் பார்த்தார்.

"மனுசங்க இல்லீங்கய்யா" என்றார் ஆத்தப்பன். "இதுவும் இங்கத்து உயிரினந்தானுங்க. ஞாயித்துக்கெழமை மட்டும் தென்படுமுங்க. கூட்டமா வரும், மேல ஏறும், கீழ இறங்கும். யாருக்கும் ஆபத்தில்லீங்க."

குகன் வாயைத் திறந்தான். பாதுகாக்கப்பட்ட மலை என்று அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். நித்யஸ்ரீ போட்டோவுக்கு வசதியாகச் சற்றுத் திரும்பி நின்றாள். ஜெபக்குமார் மூச்சை அடக்கினான். ராஜா முகமது, வேட்டையாடாத ஒரு சாதுவான பிராணி எப்படி நிற்குமோ அப்படி நின்றார்.

பெரிய அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர்களை உற்றுப் பார்த்தார். "என்ன சாப்பிடும்?"

"போண்டாங்கய்யா."

"நாலுதானா?"

"நாலே நாலுதானுங்க."

அதிகாரியின் முகத்தில் கவலை படர்ந்தது. "இது ஆபத்தான நிலை. இனம் அழிந்துவிடும். அடுத்த வருடம் நான் வரும்போது இன்னும் நாலு ஜோடியாவது இருக்க வேண்டும். உம்முடைய பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போன புழுதி அடங்கும் வரை யாரும் அசையவில்லை. பிறகு குகன் மெல்ல ராஜா முகமதுவின் பக்கம் சாய்ந்தான்.

"பாய், உங்க மச்சான் சைக்கிள் ஓட்டுவாருங்களா?"